காலிக் கோட்டையின் தொடர் வீடுகள்

காலி என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மைதானம் ஞாபகம் வரும். பெரியவர்களுக்கு இரத்தினக்கல் வியாபாரிகள் ஞாபகம் வருவார்கள். அறபு மத்ரஸாக்களில் ஓதிய எங்களைப் போன்றவர்களுக்கோ பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரிதான் முதலில் ஞாபகம் வரும். 1892இல், கோட்டை மதிலுக்கு உள்ளேயே ஆரம்பிக்கப்பட்ட கல்லூரி அது. அங்கே ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

என்னோடு ஓதிய தோழர் ஒருவர் அந்தக் கோட்டைக்குள் மாப்பிள்ளையாகப் போனவர். "ஒரு தடவை குடும்பத்தோடு வாருங்கள்" என்று வருடக் கணக்காக அழைத்துக்கொண்டே இருந்தார். பாடசாலை விடுமுறையொன்றில் கல்முனையிலிருந்து புறப்பட்டோம். பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று நாட்டின் தென்கிழக்கு மூலையைச் சுற்றிக்கொண்டு, அம்பாந்தோட்டையில் மீண்டும் கடலைக் கண்டு, மாத்தறை தாண்டிக் காலிக்குப் போகும் நீண்ட பயணம். பிள்ளைகள் தூங்கி விழுந்துகொண்டே வந்தார்கள். கிழக்கில் சூரியன் உதிக்கும் கடலோரத்திலிருந்து புறப்பட்டவர்கள், அதே சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் இன்னொரு கரையில் போய் நின்றோம்.

கோட்டைக்குள் போக இரண்டு வாசல்கள் இருக்கின்றன. மைதானத்துக்கு எதிரே இருக்கும் பெரிய வாசலை 1873இல் ஆங்கிலேயர் திறந்தார்கள். துறைமுகப் பக்கமாக இருக்கும் பழைய வாசல் டச்சுக்காரர் காலத்தது. அதன் உட்புறத்தில் 1669 என்ற வருடத்தோடு சேவல் ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வெளியே பஸ் நிலைய இரைச்சல். வாசலைக் கடந்து இருபது அடி உள்ளே போனால் வேறு ஊர்.

தெருக்கள் நேராகவும் குறுகலாகவும் இருக்கின்றன. இரு புறமும் வீடுகள் ஒன்றை ஒன்று தோளோடு தோள் இடித்தபடி நிற்கின்றன, தொழுகை வரிசையைப் போல. நம் பகுதியில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே வேலியோ, மதிலோ, குறைந்த பட்சம் ஒரு முருங்கை மரமோ இருக்கும். இங்கே இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர். முன்னால் தூண் வைத்த விறாந்தை. தெருப்பக்கம் அகலம் குறைவு; உள்ளே போகப் போக வீடு நீண்டுகொண்டே போகும். நடுவில் வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றி அறைகள், கடைசியில் குசினியும் கிணறும். மேலே நாட்டோடு. பகலில் எவ்வளவு வெயில் எறித்தாலும் முற்றத்தோரத்தில் உட்கார்ந்தால் விசிறி தேவையில்லை. நிலத்துக்கு அடியில் டச்சுக்காரர் வெட்டிய கழிவுநீர்க் கால்வாய்கள் இருக்கின்றன. கடலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே கழுவிவிடும் ஏற்பாடு. முந்நூறு வருடத்துக்கு முந்தியவர்களின் புத்தியை நினைத்து வியந்தேன். நம் நகரங்களின் வடிகான்களையும் நினைத்துக்கொண்டேன்.

இந்த வீடுகளில் யார் யாரெல்லாம் இருந்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நம்மவர்கள் காலிக்கு வந்தது கோட்டை கட்டுவதற்கு வெகு முன்பே. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தபோது காலியையும் கண்டார். அதைச் சிறிய பட்டணம் என்று குறித்து, அங்கே இப்றாஹீம் என்ற கப்பல் தலைவர் தன் இருப்பிடத்தில் விருந்தளித்ததையும் எழுதி வைத்திருக்கிறார். சீனத் தளபதி செங் ஹோ காலியில் நாட்டிய, 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். பாரசீகப் பகுதி இஸ்லாத்தைக் குறித்துப் பேசுகிறது. அறுநூறு வருடத்துக்கு முன் ஒரு சீனத் தளபதி இந்தத் துறைமுகத்தில் யாரை மனதில் வைத்துப் பேசினார் என்பதற்கு அந்தக் கல்லே போதும்.

பிறகு போர்த்துக்கேயர் வந்து மதில் எழுப்பினார்கள். 1640இல் டச்சுக்காரர் அதைப் பிடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். இன்று நாம் காணும் தெருக்களும் வீட்டு வரிசைகளும் அவர்கள் அமைத்தவை. தெருப் பெயர்கள் சிலவும் அவர்கள் வைத்தவையே. லெயின் பான் வீதி என்றால் கயிறு திரிக்கும் இடம். இன்று பெட்லர் வீதி என்று அழைக்கப்படுவதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள், சோனகச் சில்லறை வியாபாரிகளின் தெரு. அதாவது, சோனகரைத் தெருப் பெயரிலேயே எழுதி வைத்த அரசாங்கம் அது. ஆனால் அதே டச்சுக்காரர்தான் கொழும்பில் கோட்டைக்குள்ளும் பேட்டையிலும் முஸ்லிம்கள் வீடு நிலம் வாங்கக்கூடாது என்று தடை போட்டவர்கள். அந்தத் தடை 1832இல், ஆங்கிலேயர் காலத்தில்தான் நீங்கியது. வியாபாரத்துக்கு வா, குடியிருக்க வராதே என்பது பழைய கதை.

1796இல் ஆங்கிலேயர் வந்த பிறகும் பெரிய வீடுகளில் டச்சு வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இருந்தன. அப்போது காலிதான் நாட்டின் பெரிய துறைமுகம். ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றவும் தபால் இறக்கவும் இங்கே நிற்கும். கப்பல் நின்றால் ஹோட்டலுக்கு ஆள் வரும், கல் வியாபாரிக்கு ஆள் வரும், தையற்காரனுக்கும் ஆள் வரும். 1875இல் கொழும்பில் அலை தடுக்கும் அணைக்கு அடிக்கல் வைத்தார்கள். 1885இல் அது முடிந்தது. கப்பல்கள் கொழும்புக்கு மாறின. உத்தியோகமும் கொழும்புக்கு மாறியது. பறங்கியர் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஓர் அணைக்கட்டு எழுபது மைல் தள்ளி எழும்ப, இங்கே வீடுகள் மலிவாகின.

அந்த வீடுகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். இரத்தினக்கல், நகை, புடவை, ஆமையோட்டுச் சாமான் என்று வியாபாரம் செய்த காலி முஸ்லிம் குடும்பங்கள் தொடர் வீடுகளில் குடியேறின. வெளிச்ச வீட்டுக்கு எதிரே இருக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளியைப் பார்த்தாலே அந்தக் காலத்தின் செழிப்பு தெரியும். 1904இல் எழுந்த கட்டடம். தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைக் கோபுரத் தேவாலயம் போலவே இருக்கும். கிட்டப் போனால்தான் பிறை தெரியும். என் சின்ன மகள், "வாப்பா, இது சேர்ச்சா பள்ளியா?" என்று கேட்டாள். உள்ளே போய் வுழூச் செய்துகொண்டு அஸர் தொழுதோம். அஸருக்கு ஒரு வரிசை. அதிலும் பாதி மத்ரஸாப் பிள்ளைகள்.

முன்பெல்லாம் எப்படி என்று தோழரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "வீட்டுக்கு வாருங்கள், மாமியே சொல்லுவார்" என்றார்.

தோழரின் மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்த வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலேயே நிகாஹ் நடந்து, அந்த வீட்டிலேயே ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். முற்றத்துக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்துகொண்டு, காலி முஸ்லிம்களுக்கே உரிய தமிழில் பேசினார். சுவரில் அடைத்துப் பூசிய ஓரிடத்தைக் காட்டினார். அங்கே முன்பு ஒரு கதவு இருந்ததாம். அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போகும் கதவு. பெண்கள் தெருவில் இறங்காமல் அந்தக் கதவால் போய் வருவார்களாம். மவ்லிது நேர்ச்சையும் மருதோன்றி அரைப்பதும் கல்யாணப் பலகாரம் சுடுவதும் அந்தக் கதவால்தான் நடந்தனவாம்.

"அந்தக் காலத்துல இந்தச் செவர்ல ஒரு ஆணி அடிச்சா அடுத்தூட்டு ராத்தா என்ன மாட்டுறீங்க எண்டு கேப்பாங்க. இப்ப ராவெல்லாம் நான் இருமினாலும் கேக்க ஒரு ஆள் இல்ல மௌலவி."

அடுத்த வீடு இப்போது வாடகை விடுதி. மூன்று நாளைக்கு ஒரு முறை ஆள் மாறும். அதற்கு முன் ஐந்து வருடம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தாராம். பெருநாளைக்கு வட்டலப்பம் அனுப்பினால் தட்டை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டாராம். ஒரு வாழைப்பழமாவது வைத்துத் தருவாராம். "அவ நல்ல மனுசி. போறப்ப அழுதிட்டுப் போனா" என்றார் மூத்தம்மா. ஆக, வந்தவர் எல்லோரும் கெட்டவர், போனவர் எல்லோரும் நல்லவர் என்று நான் எழுதினால் அது பொய். அயலவர் நிலைத்திருந்தால்தான் அயலவர். குழம்பில் தண்ணீரைக் கூட்டியாவது அயலவருக்குக் கொடுங்கள் என்று நம் நாயகம் (ஸல்) கற்றுத் தந்தார்கள். மூன்று நாளில் போய்விடுகிறவர் வாசலில் எந்தக் கறியோடு போய் நிற்பது?

இந்த மாற்றம் எப்படி நடந்தது?

1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலக மரபுரிமைச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது. 1994இல் காலி மரபுரிமை மன்றத்துக்கான சட்டம் வந்தது. அதன் பின் நினைத்தபடி மாடி எழுப்பவோ முகப்பை மாற்றவோ முடியாது. தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இது சரியானதே. இல்லாவிட்டால் இந்நேரம் எல்லாம் கண்ணாடிக் கட்டடமாகியிருக்கும். ஆனால் முந்நூறு வருடத்துக் கூரையை அதே நாட்டோடு, அதே மரம் கொண்டு செப்பனிடச் செலவு எவ்வளவு? நெதர்லாந்தின் உதவியோடு சில வீடுகள் திருத்தப்பட்டன. எல்லா வீட்டுக்கும் அது வரவில்லை. மாதச் சம்பளக்காரர் ஒருவர் மழைக்காலத்தில் எத்தனை வாளியைத்தான் வீட்டுக்குள் வைப்பது?

2002இல் யுத்த நிறுத்தம் வந்தது. வெளிநாட்டவர் காணி வாங்கினால் காணியின் பெறுமதி அளவுக்கே வரி கட்ட வேண்டும் என்று 1963 முதல் இருந்த விதியும் அதே வருடம் தளர்ந்தது. 2004இல் அந்த வரி திரும்பி வந்தது. ஆனால் அந்த இடைவெளி போதுமாயிருந்தது. ஐரோப்பாவிலிருந்தும் ஹொங்கொங்கிலிருந்தும் வந்தவர்கள் வீடு வீடாகக் கேட்டு வாங்கினார்கள். தரகர்கள் விறாந்தை விறாந்தையாக ஏறி இறங்கினார்கள். 1684இல் டச்சு அதிகாரிகளுக்காகக் கட்டி, பின்னர் ஓரியண்டல் ஹோட்டலாக இருந்த கட்டடம், 2004 டிசம்பரில் அமன்கல்லா என்ற பெயரில் பெரும் பணக்காரருக்கான ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. அதே மாதம் 26ஆம் திகதி சுனாமி. மதிலுக்கு வெளியே பஸ் நிலையமும் மைதானமும் நாசமாகின. மதிலுக்குள் இருந்த வீடுகளைப் பெரும்பாலும் அந்தப் பழைய மதிலே அல்லாஹ்வின் நாட்டத்தால் காத்தது. அதன் பின் கோட்டை வீட்டின் விலை இன்னும் ஏறியது. 2007இல் இலக்கிய விழா ஆரம்பமானது. டச்சு வைத்தியசாலைக் கட்டடம் 2014இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடை போட்டது. குத்தகைக்கு எடுக்கலாம் என்றது. அதற்குள் பல வீடுகள் கை மாறிவிட்டன.

விற்ற குடும்பங்கள் எங்கே போயின? தலாப்பிட்டிய, கட்டுகொட, தங்கெதர என்று மதிலுக்கு வெளியே உள்ள முஸ்லிம் பகுதிகளுக்குச் சில; கொழும்புக்கும் தெஹிவளைக்கும் சில. அங்கே பெரிய வீடு கட்டினார்கள், கார் நிறுத்த இடம் வைத்தார்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என்னிடம் அப்படியொரு விலை கேட்டு வந்தால் நான் என்ன செய்வேன் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனைவி கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் விலை மட்டும் காரணமல்ல. பெண்கள் படிக்கும் இந்தச் சஞ்சிகையில் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

தோழரின் மாமனார் மர்ஹூம் ஆனபோது வீடு அவர் பெயரில் இருந்தது. வாரிசுகள்: மனைவி, இரண்டு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். ஃபறாயிள் கணக்கின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியை ஏழாகப் பிரித்தால் ஆண் மக்களுக்கு இவ்விரண்டு, பெண் மக்களுக்கு ஒவ்வொன்று. ஆக வீடு எட்டுப் பங்கு: மூத்தம்மாவுக்கு ஒன்று, மகள்மார் மூவருக்கும் மூன்று, மகன்மார் இருவருக்கும் நான்கு. கணக்கு அழகாக இருக்கிறது. வீட்டை எப்படி எட்டாக்குவது? ஒரே முற்றம், ஒரே கிணறு, இரண்டு பக்கமும் அயலவர் சுவர். சுவர் எழுப்பவும் அனுமதி இல்லை. ஒரு மகன் கொழும்பில், ஒரு மகன் அவுஸ்திரேலியாவில். அவர்களுக்குத் தேவை பங்கின் பணம். அது அவர்களின் ஹக். நாட்டுச் சட்டமும், கூட்டுச் சொந்தக்காரர் எவரும் வழக்குப் போட்டுப் பிரிக்கவோ விற்கவோ கேட்கலாம் என்று 1977இலிருந்து சொல்லுகிறது. இப்படித்தான் கோட்டை வீடுகள் பலவற்றின் மேல் தரகரின் நிழல் விழுந்தது. தகப்பன் இருக்கும் வரை வீடு, மவுத்தானதும் பங்கு.

இதைக் கேட்டுவிட்டு, "மார்க்கத்தின் பங்குப் பிரிவினையால்தானே வீடு போகிறது" என்று யாராவது சொன்னால் அது அறியாமை. பறங்கியருக்கு ஃபறாயிள் இல்லை. அவர்களுடைய வீடுகளும் போயின. பெண்ணுக்குப் பங்கே இல்லாத சமூகங்கள் எத்தனையோ இருந்த காலத்தில் மகளுக்கும் மனைவிக்கும் எழுதி வைத்த மார்க்கம் இது. குறை எங்கே என்றால், வீட்டைப் பற்றி உயிரோடு இருக்கும்போது பேசாமல் விடுவதில். ஜனாஸா போன நாற்பதாம் நாள்தான் நாம் உறுதியைத் தேடுகிறோம்.

வழிகள் இல்லாமலில்லை. தகப்பன் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளிடையே நீதியாக ஹிபா செய்யலாம்; ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை விடுவதை நம் நாயகம் (ஸல்) வெறுத்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. சொத்தைச் சந்ததிக்கென வக்ஃபு செய்யலாம். அப்படிச் செய்த பின் விற்கவோ வாரிசுரிமையாகப் பிரிக்கவோ முடியாது. வாரிசுகளில் ஒருவர் மற்றவர்களின் பங்கை விலை பேசி எடுத்துக்கொள்ளலாம். பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால் மற்றப் பங்காளி அதே விலைக்கு எடுத்துக்கொள்ளும் ஷுஃப்ஆ உரிமையும் நம் கிதாபுகளில் இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் அயலவருக்கும் அது உண்டு. நம் ஷாஃபி மத்ஹபில் பங்காளிக்கு மட்டும். அதிலும், பிரித்தால் பயன் கெட்டுப்போகும் சிறிய சொத்தில் ஷுஃப்ஆ இல்லை என்பதே நம் மத்ஹபின் பலமான சொல். அந்தச் சட்டம் கையில் பிடித்து உதவாத இடத்திலும், விற்பதற்கு முன் கூட இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் பண்பு எஞ்சியிருக்கிறது. உறுதி, வழக்கு என்று வரும்போது ஆலிமிடம் மட்டும் நின்றுவிடாமல் நல்ல சட்டத்தரணியிடமும் போங்கள்.

நம் கரையோரத்தில் வீடு என்பதே வேறு மாதிரி. காலியின் வீட்டு வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் இதுதான் என் மனதில் ஓடியது. நம்மிடம் முந்நூறு வருடத்து வீடுகள் இல்லை. ஆனால் நம்மிடம் வீடு பெண்ணுடையது. மூத்த மகளுக்குக் கல்யாணமானால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் வளவின் மூலையில் குசினியளவு இடத்துக்கு இறங்குவார்கள். அடுத்தவளுக்குக் கல் அடுக்கத் தொடங்குவார்கள். நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் மருதமுனையிலும் எத்தனை வாப்பாமார் சவூதியிலும் கட்டாரிலும் வெயிலில் நின்று உழைத்ததெல்லாம் இந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது! மாப்பிள்ளை வீடு கேட்டு வாங்கும் இந்தச் சீதன முறையை நான் ஆதரிக்கவில்லை. மஹர் கொடுக்க வேண்டியவன் வீடு வாங்குவது என்ன நியாயம் என்று மிம்பரில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் குடியிருப்பவர் மாறுவது பெரும்பாலும் தாயிலிருந்து மகளுக்கு. வீட்டுக்குள் வருகிற புது ஆள் மருமகன்தான். அடுத்த வளவில் இருப்பவள் தங்கச்சி. அந்த அடைத்த கதவு நமக்கு இன்னும் திறந்துதான் இருக்கிறது.

2004இல் கடல் ஏறியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மவுத்தானார்கள். கரையோர வீடுகள் அத்திவாரம் தெரியப் போயின. நம்மைக் காக்க டச்சு மதில் இல்லை. பின்னர் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன. வழக்கும் இழுபறியுமாக, வருடக் கணக்கில் ஆள் குடிபுகாமல் காடு மண்டிக் கிடந்தன. காலியில் வீடுகளுக்கு ஆளுக்கு மேல் ஆள். நுரைச்சோலையில் ஆளுக்கு ஏங்கிய வீடுகள்.

ஒலுவிலை எடுத்துக்கொள்ளுங்கள். யுத்த காலத்தில் நம் பிள்ளைகள் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க முடியாமல் நின்றபோது, மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. தென்னையும் வயலுமாக இருந்த ஊர் பல்கலைக்கழக ஊராகியது. இன்று ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனைப் பக்கத்தில் எத்தனையோ சீதன வீடுகளின் முன் அறைகளில் மாணவிகள் தங்கிப் படிக்கிறார்கள். மலையகத்துப் பிள்ளை, மன்னார்ப் பிள்ளை, மாத்தறைச் சிங்களப் பிள்ளை. வெளிநாடு போன மகளின் வீட்டை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் மருந்து வாங்கும் உம்மாமார் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்தப் பிள்ளைகளுக்கு ரமழானில் கஞ்சியும் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். வாடகைக்கு விடுவதெல்லாம் ஒன்றல்ல என்று இதனால்தான் சொல்லுகிறேன். சொந்தக்காரி பின் அறையில் இருந்தால் அது வீடு. சாவி தரகர் கையில் இருந்தால் அது கடை.

தோழரின் மூத்த மகள் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இஸ்லாமியக் கற்கைகள், அறபு மொழிப் பீடத்தில் படித்தாள். நான்கு வருடமும் பாலமுனையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தாள். நம் ஊர்ப் பிள்ளைகள் காலிக்குப் போய் கராப்பிட்டியவில் வைத்தியமும் ஹப்புகலவில் பொறியியலும் படிக்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளை இங்கே வருகிறது. அவள் தங்கியிருந்த வீட்டு உம்மா கொடுத்து விட்ட தட்டுவடைப் பொட்டலத்தை நாங்கள் காலிக்குக் கொண்டு போனோம். மூத்தம்மா அதை எண்ணிப் பார்த்து, பாதியை எடுத்து மத்ரஸாப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த எட்டுப் பங்கின் சங்கதி என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். மற்ற இரண்டு மகள்மாரும், உம்மா இருக்கும் வரை தங்கள் பங்கைக் கேட்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கொழும்பு மகனின் இரண்டு பங்கைத் தோழரின் மனைவி தன் நகைகளை விற்று எடுத்தார். முன்னால் இருக்கும் இரண்டு அறைகளைக் குடும்பத்தோடு வரும் பயணிகளுக்கு விடுகிறார்கள். மது இல்லை என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2019 ஏப்ரல் குண்டு வெடிப்புக்குப் பின்பும், 2020இல் கொரோனாவின்போதும், 2022 நெருக்கடியிலும் அந்த அறைகள் வெறுமையாகக் கிடந்தன, தவணை தவறியது. இப்போது மீண்டும் ஆட்கள் வருகிறார்கள். அவுஸ்திரேலியாவில் இருக்கும் தம்பியின் இரண்டு பங்கு பாக்கி. அவருக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவருக்கும் பணம் தேவை. அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு தரகர் மட்டும் வாரத்துக்கு ஒரு முறை விறாந்தையில் ஏறி, மூத்தம்மாவின் சுகத்தை விசாரித்துவிட்டுப் போகிறார்.